எரிந்தால் பெட்ரோல் இருக்கிறது

நைனா,

இப்படி எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் கடிதம் எதற்கு? எழுதியிருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்க உங்களுக்குப் பொறுமை இருந்திருக்காது. என்னிடமே நீட்டி, "நீயே படிமா" என்றிருப்பீர்கள். வீட்டில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். பேனாவைக் கையில் எடுத்தால் "நீங்கள்" வந்துவிடுகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, எங்கிருந்து வருகிறது இந்த வாசனை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என்னிடமிருந்துதான். நாள் முழுக்க ஃபாக்டரியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற பெஞ்சுகளுக்கு நடுவில் இருக்கிறேன். அந்தப் புகை புடவையில் ஏறினால் துவைத்தாலும் போவதில்லை, தலைமுடியில் ஏறினால் தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். நகர்ந்ததில் என் தோளிலிருந்தே அந்த வாசனை எனக்கும் வந்தது. உடனே நம் பின்கட்டும், கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பும், அதைப் பிடித்திருந்த உங்கள் கையும் வந்துவிட்டன. வண்டி பங்காரப்பேட்டை தாண்டும் வரையில் நான் அங்கேதான் இருந்தேன்.

உங்கள் நெஞ்சில் கல்தூசு இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, உங்களைத் தங்கச் சுரங்க வேலையிலிருந்து நிறுத்திய வருஷம் நான் பி.யு.சி. முடித்திருந்தேன். கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து, சாம்பியன் ரீப்ஸ் பஜாருக்குப் பின்னால் வாடகைக்கு வந்தோம். பூமிக்கு அடியில் பேட்டரி லோக்கோ வண்டி ஓட்டிய நீங்கள், மேலே வந்து லைசென்ஸ் வாங்கி, ராபர்ட்சன்பேட்டை அரிசி மண்டி முதலாளியின் வேனுக்கு டிரைவரானீர்கள். உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம், ஆனால் மேட்டில் நடக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. மூட்டை ஏற்றி இறக்க மண்டியில் ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் ஓட்டினால் போதும். அந்த ஒரு வேலையில்தான் நம் சோறும் இருந்தது, என் காலேஜும் இருந்தது.

அந்த வேன் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தது. நீங்கள் அதில் பீடிக்கட்டைச் செருகி வைத்திருந்தீர்கள், டாக்டர் பீடியை நிறுத்தச் சொல்லும் வரைக்கும். முதலாளி ஒரு நாளும் டேங்கை நிரப்பியதில்லை. மிச்சம் இருந்தால் அவர் மகன்கள் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து போடச் சொல்வார். அதனால் டேங்க் எப்போதும் அடிமட்டத்திலேயே இருக்கும். டேங்க் இருந்ததோ உங்கள் சீட்டுக்கு அடியில். இறங்கி, சீட்டைத் தூக்கி, குனிந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். குனிந்தால் உங்களுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். வண்டி மேட்டில் நின்றால் குச்சி ஒன்று சொல்லும், சமதரையில் வேறொன்று சொல்லும்.

பெட்ரோல் தீர்ந்து வண்டி முதல் தடவை நின்றது பங்காரப்பேட்டைக்குக் கிட்டே; யாரோ சைக்கிளில் போய் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாம் தடவை நின்றது ஊர்காம் மேட்டில். வண்டிக்குள் முதலாளியே இருந்தார். நீங்கள் இறங்கப் போனபோது, "நீ உட்காருப்பா, உனக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி ஆட்களோடு அவரும் தள்ளினார். பஜார் வரைக்கும் அந்த ஊர்வலம் போனது. வெற்றிலைக் கடைக்காரர் கேட்டதை நீங்கள் வீட்டில் வந்து சொன்னபோது நானும் அம்மாவும் சிரித்துவிட்டோம். "இன்னா மொதலாளி, வண்டியக் கைப்புடிச்சி நடத்திக்கினு வரீங்க, ஒடம்பு சரியில்லையா அதுக்கு?"

நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு முடிந்த பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். முதலாளி மண்டிக்குள் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், இன்னொரு தபா நின்றால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாராம். "அவர் மேல தப்பு இல்லமே," என்று அம்மாவிடம் சொன்னீர்கள். "நின்ன வண்டியத் தள்ள ஆளு கீது. தனியா நின்னா நான்தானே டப்பாவத் தூக்கிக்கினு நடக்கணும். எனக்கு அந்தக் காத்து இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்க எனக்குப் பல நாள் ஆயிற்று. என் கூச்சம் உங்களுக்குத் தெரியும். காலேஜில் பிசிக்ஸ் லெக்சரரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால்கூட, வேறு யாராவது அதையே கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். கேட்பதற்குப் பதில் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். அப்படிப் பார்த்ததுதான் மாரிகுப்பம் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் அந்தப் பெரிய தொட்டி. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னத் தகடு ஏறி இறங்கும். தொட்டிக்குள் மிதக்கிற மிதவையோடு அது கயிற்றில் கட்டியிருக்கும். உள்ளே எட்டிப் பார்க்காமலே தண்ணீர் எவ்வளவு என்று கீழே நிற்பவனுக்குத் தெரியும். டேங்குக்குள் அந்த மாதிரி ஒரு மிதவை வைத்தால் என்ன என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "வரைஞ்சி காட்டு" என்றீர்கள். நான் வரைந்தேன். கார்க்கு மிதவை ஒன்று. அதன் தலையில் மெல்லிய பித்தளைக் கம்பி. கம்பி ஏறி இறங்க ஒரு சின்னக் குழாய். பழைய மீட்டரின் தகடு டேங்கின் மேல் திருகாணியில் உட்கார்ந்திருந்ததே, அந்தத் தகட்டில் குழாயைப் பற்றவைப்பது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். நன்றாக இறங்கியதும், கம்பியின் உச்சியில் இருக்கும் பித்தளை வில்லை கீழே இரண்டு பித்தளைப் பட்டைகள் மேல் உட்காரும். அவை இரண்டும் சேர்ந்தால் முன்பலகையில் விளக்கு எரியும். பட்டைகள் டேங்குக்கு வெளியே, இறுக்கமாக மூடிய ஒரு டப்பாவுக்குள் இருக்க வேண்டும், பொறி எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

உங்களுக்கு வேறு கவலை. சுரங்கத்து விளக்குகளை வைத்திருக்கும் லேம்ப் ரூமில் உங்கள் கூட்டாளி ஒருவர் இருந்தார். கேட்டால் பல்பு கொடுத்திருப்பார். "கம்பெனி சாமான் வேணாம். அங்க விட்டது விட்டதா இருக்கட்டும்" என்று சொல்லி, சைக்கிள் டைனமோவில் போடுகிற சின்ன பல்பை பஜாரில் வாங்கிவந்தீர்கள். வண்டி பேட்டரிக்கும் அது சரியாக இருந்தது. அதன் மேல் சிவப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்தோம். பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் பல்பையே பீடிக்கட்டு ஓட்டையில் பொருத்தினோம். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டில் வேலை நடக்கும். தகட்டைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் வாடை போகும்வரை வெயிலில் போட்டு வைத்துத்தான் அடுப்புக் கிட்டே கொண்டுவர விட்டேன். நீங்கள் இரும்பைக் காய்ச்சிப் பற்றவைப்பீர்கள். நான் இடுக்கியால் குழாயை நிமிர்த்திப் பிடித்திருப்பேன். புகை உங்கள் மூக்குக்குப் போகாமல் அம்மா முறத்தால் விசிறுவாள். விசிறிக்கொண்டே நம் இரண்டு பேரையும் திட்டுவாள். பொம்பளைப் பிள்ளையைப் படிக்க வைத்தது பெட்ரோல் டேங்கில் கரண்டு விடுவதற்கா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரி சொல்வாள். முதல் மிதவைக்கு நாம் பூசிய பெயின்ட் பெட்ரோலில் கரைந்து, கார்க்கு ஊறி முழுகிப்போனது. நாற்காலிக்கு மெருகு போடுகிறவரிடம் அரக்குக் கரைசல் வாங்கிப் பூசினோம். அது நின்றது.

வண்டியில் மாட்டிய அன்று, வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம் என்று அம்மா சொன்னதால் ரயில் பாதை ஓரத்து மைதானத்துக்குப் போனோம். நான் ஒயரை முடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் சீட்டைத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். டேங்க் வாய் திறந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தால், வாசலில் வேண்டாம் என்று சொன்ன அம்மாவே, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறாள். புது விளக்காயிற்றே, ஆரத்தி காட்ட வேண்டாமா. உங்களால் ஓட முடியாது, கத்தவும் மூச்சு போதாது. கையை மட்டும் ஆட்டினீர்கள். ஆசீர்வாதம் என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக வந்தாள். நான்தான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தேன். என் வாழ்நாளில் அம்மாவின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கியது அப்போதுதான். "வெளக்குக் காட்ட வந்தவளே வண்டியக் கொளுத்தியிருப்பா" என்று நீங்கள் இருமலுக்கு நடுவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

விளக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. டேங்கில் இருந்ததை எடுத்துக் குறைத்துப் பார்த்தோம், எரிந்தது. ஊற்றினோம், அணைந்தது. எரிந்தால் பெட்ரோல் தீரப்போகிறது, உடனே போட வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னேன். தலையாட்டினீர்கள். நீங்களே எனக்குத் திருப்பியும் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் பூதிகோட்டைக்குப் போய் ராகி மூட்டை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது. மத்தியான வெயில். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. நீங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு மேட்டில் நடந்திருக்கிறீர்கள். வழியில் உட்கார்ந்துவிட்டீர்கள். உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மூச்சு உள்ளே போகும் சத்தம் எனக்கு வராண்டாவிலேயே கேட்டது. பல்பு எரியவில்லையா, கம்பி சிக்கிக்கொண்டதா, எங்கே பிசகினேன் என்று வண்டி நின்ற இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

நீங்கள் பேசும் நிலைக்கு வந்த அன்று நான் கேட்காமலே சொன்னீர்கள்.

"வெளக்கு எரிஞ்சிகினுதாம்மா இருந்துச்சி. ரொம்ப தூரமா எரிஞ்சிகினு வந்துச்சி. எரியுதே, அப்புறம் இன்னா பயம்னு நான் பாட்டுக்கு வந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மறக்கல. நீ சொன்னது தலையில கீது. ஆனா கீழ எறங்கனவனுக்கு வெளக்கு எரிஞ்சா உசுரு கீதுன்னு அர்த்தம். மெழுகுவத்தி வச்சிக்கினு போன காலத்துல அது மங்குச்சின்னா, எல்லாத்தையும் அப்பிடியே போட்டுட்டுத் திரும்பி வந்துடணும். அங்க காத்து இல்லன்னு அர்த்தம். எத்தினி வருசம் அப்பிடியே பாத்த கண்ணு இது. எரியிற வெளக்கப் பாத்தா எனக்கு பயம் வரமாட்டேங்குதும்மா. நான் இன்னா பண்றது."

குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. களைத்துப்போன ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சுரங்கக்காரர்தான். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டே, "அணைஞ்சாத்தானே நமக்கு பயம்" என்றார், ஏதோ குழந்தைக்குச் சொல்கிறமாதிரி.

முதலாளி பழத்தோடு பார்க்க வந்தார். அவர் ஒன்றும் சொல்லுமுன்னே நீங்கள் சொன்னீர்கள், என் பெண் அந்த விளக்கை, பெட்ரோல் குறைந்தால் அணைகிறமாதிரி திருப்பி வைக்கப் போகிறாள், இந்த ஒரு மாதம் பாருங்கள், அப்புறமும் நின்றால் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "சரி, பாப்பம்" என்றார்.

திருப்பி வைப்பது பெரிய வேலையில்லை. வில்லைக்குக் கீழே இருந்த பட்டைகளை எடுத்து மேலே வைத்தேன். பெட்ரோல் இருக்கும் வரைக்கும் மிதவை கம்பியை மேலே தள்ளி, வில்லை பட்டைகளை அழுத்திக்கொண்டிருக்கும். விளக்கு எரியும். குறைந்தால் இறங்கும், பட்டைகள் விலகும், விளக்கு அணையும். மனசுக்குத்தான் அது சுலபமாக இல்லை. அபாயம் வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதானே நான் அறிந்தது. நாள் முழுக்க ஒரு பல்பு வீணாக எரிவதா என்றும் தோன்றியது. வேலை முடித்து ஒயரைக் கட்டும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பல்பு போய்விட்டாலும் அணைந்துதான் இருக்கும், ஒயர் அறுந்தாலும் அணைந்துதான் இருக்கும். அப்போதும் நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பீர்கள். என்ன கெட்டாலும் அது உங்களை நடுவழியில் நடக்க விடாது. முன்னே வைத்ததில் பல்பு போனால் ஒன்றுமே தெரிந்திருக்காது. இதை உங்களிடம் சொன்னபோது, "அத்ததான் நானும் சொன்னேன்" என்றீர்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. நானும் மறுக்கவில்லை.

பிறகு வண்டி நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது பெட்ரோல் பின்னால் சாய்ந்து விளக்கு விட்டு விட்டு எரியும். "என்னப் பாத்து கண்ணடிக்குது பாரு, வெக்கமில்லாம" என்று அம்மாவிடம் சொல்லிக் காட்டுவீர்கள். கண்ணடிக்கத் தொடங்கினால் பெட்ரோல் போடுமிடம் பக்கமாக வண்டியைத் திருப்புவீர்கள். முதலாளியும் நாளடைவில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் அந்த ஓட்டையைத்தான் பார்த்தார் என்று சொன்னீர்கள். அவர் மகன்களுக்கும் அதனால் ஒரு லாபம். வண்டியில் மிச்சமிருக்கிறதா என்று சீட்டைத் தூக்காமலே தெரிந்துகொண்டார்கள்.

இந்த வேலைக்கான என் இன்டர்வியூ நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெங்களூர் வண்டியை நான் பங்காரப்பேட்டையில் பிடிக்கட்டும் என்று மண்டி லோடு எடுக்கப் போகும் வேனில் ஏற்றிக்கொண்டீர்கள். அம்மாவின் ஒரே பட்டுப்புடவை என் மேல். சர்டிபிகேட்டுகளை மடியில் அழுத்திப் பிடித்திருந்தேன். பாதி வழியில் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. நீங்கள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கப் போனீர்கள். காலையில்தான் பெட்ரோல் போட்டோம், பல்புதான் போயிருக்கும், ரயில் போய்விடும் என்று நான் கெஞ்சினேன். உங்களோடு நான் அவ்வளவு பேசியதே கிடையாது. நீங்கள் சீட்டைத் தூக்கிக் குச்சியை விட்டீர்கள், இருமினீர்கள், குச்சியை எடுத்து என் கண்முன்னே காட்டினீர்கள். ஈரம் நன்றாகவே ஏறியிருந்தது. பல்புதான் போயிருந்தது.

"தெரியும்மா," என்றீர்கள். "ஆனா அணைஞ்சா நிக்கணும். அதுக்குத்தான் வச்சது. இன்னிக்கு மட்டும் பரவால்லன்னு போனா, அப்புறம் எதுக்கு அது."

பிளாட்பாரத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரயில் கார்டு என்னைப் பார்த்துவிட்டுக் கொடி காட்டுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார். இன்டர்வியூ எடுத்தவர் வீட்டில் ஏதாவது செய்து பார்த்ததுண்டா என்று கேட்டபோது, நான் பேசத் தொடங்கி நிறுத்தாமல் பேசினேன். மிதவை, அரக்கு, பட்டைகளை மேலே மாற்றியது, எல்லாம். மேலே மாற்றியதன் காரணத்தைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கவனித்துக் கேட்டார்.

உங்களுக்கு நான் முதல் சம்பளத்தில் வாங்கிவந்த கம்பளியை நீங்கள் ஒரு குளிர்காலம்தான் போர்த்தினீர்கள். கடைசியில் உட்கார்ந்து ஓட்டவும் மூச்சு போதவில்லை. சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். முதலாளி வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தீர்கள். திரும்பி வரும்போது அவர் உங்களை அதே வேனில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நீங்களும் அதைக் கேட்க விரும்ப மாட்டீர்கள்.

எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது, நைனா. விடியுமுன் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறுகிறேன். பாதி நாட்கள் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போகிறேன். மற்றவர்கள் பற்றவைத்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சரி, சரியில்லை என்று பிரிப்பது என் வேலை. சாயங்காலம் கண்ணை மூடினாலும் ஈயப் பொட்டுகளே தெரிகின்றன. எனக்கு மேலே இருப்பவர் சோதனைப் பலகைகளைக் காட்டி, எரிகிற விளக்கையெல்லாம் குறித்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார். நான் எரியாததை முதலில் பார்க்கிறேன். அது ஏன் எரியவில்லை, எரிய வேண்டியதா, எரியக் கூடாததா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மற்றதற்குப் போகிறேன். அதனால் என் வேலை மெதுவாக நடக்கிறது என்று அவருக்குக் குறை. ஆனால் என் பெஞ்சைத் தாண்டிப் போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி, எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேனை இப்போது பூதிகோட்டைக்காரர் நாராயணப்பா ஓட்டுகிறார். நல்ல மனுஷர், போன வருஷம்தான் கல்யாணமானவர். சுரங்கம் பக்கமே போகாத குடும்பம், நிலத்து ஆட்கள். உங்கள் விளக்கு அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை வழியில் நின்றுவிட்டார். போன ஞாயிறு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார். "எரியறது கண்ணுல படுதுக்கா. எரியாதது எப்படிக்கா படும்? அது பாட்டுக்கு எரிஞ்சிகினே இருந்தா நான் அத்தப் பாக்கறதே இல்ல." முதலாளி உங்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லிவிட்டார். இன்னொரு தபா நின்றால் வேறு ஆள். பட்டைகளைப் பழையபடி கீழே வைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார். இரண்டு விளக்காக வைக்கலாமே என்று யோசித்தேன். ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் இரண்டாவதும் அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். அவர் கேட்பதுதான் அவருக்குச் சரி. அரை மணி நேர வேலை.

அம்மா விடமாட்டேன் என்கிறாள். வேன் தினம் காலையில் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. கோலம் போட்டுவிட்டு அங்கேயே நிற்கிறாள். உள்ளே அந்தச் சின்ன விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் வந்து அடுப்புப் பற்றவைக்கிறாள். "அவரு எரிய வச்ச வெளக்கு. அத்த அணைச்சி உட்டு அந்த வண்டி என் வாசல்ல போவக் கூடாது" என்கிறாள். எல்லாம் எடுத்துச் சொன்னேன். மிதவையைப் பற்றிக்கூடச் சொன்னேன். நாராயணப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் புரிகிறது, அதனால்தான் திருப்பிக்கொண்டாள்.

நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நீங்கள் அடிக்கடி கனவில் வருவதாகச் சொல்கிறாள். தண்ணீர் கேட்டீர்களாம், என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்களாம். எனக்கு நீங்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறேன், அலாரம்தான் எழுப்புகிறது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நம்பாதவள் கேட்கக் கூடாததுதான். இருந்தாலும் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு நாராயணப்பா வண்டியைக் கொண்டுவருவார். அதற்குள் ஒரு நாள் அம்மாவிடம் வந்து, மாத்தட்டும் விடுமே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.